கப்பலில் மஸ்டர் டிரில்: நடக்க முடியாதவர்களை யார், எப்படி இறக்குவார்கள்?

மெரிபேங்க்_மகள்:

இங்கே தமிழில் எழுதினால் படிக்க எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. ஆனால் ஆங்கிலக் குழுவில் கேட்டதற்கு நாலு சிரிப்பு முகங்களைத் தவிர எதுவும் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

போன மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு டர்பனிலிருந்து நாலு இரவு கப்பல் பயணம் போனோம், மொசாம்பிக் பக்கம், போர்ச்சுகீஸ் தீவு. அம்மாவுக்கு 74. மூன்று வருடத்துக்கு முன் வந்த பக்கவாதத்தில் இடது கால் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டுக்குள் கைத்தடியோடு நடப்பார், வெளியே சக்கர நாற்காலி. படி என்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரு முருகா.

ஏறிய அன்று மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூட வேண்டும் என்று பழக்கும் பயிற்சி. என் மாமியார் காலத்துக் கதைகளில் வருவது போல எல்லோரும் ஆரஞ்சு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு டெக்கில் வரிசையாக நிற்பது இப்போது இல்லை. கேபின் டிவியில் ஒரு வீடியோ பார்க்க வேண்டும், ஏழு குட்டை ஊதல் ஒரு நீள ஊதல் என்ற அவசர அலாரத்தைக் கேட்க வேண்டும், அப்புறம் கீ கார்டில் போட்டிருக்கும் மஸ்டர் ஸ்டேஷனுக்குப் போய் கார்டை நீட்டினால் ஒரு பீப், அவ்வளவுதான். எங்கள் கேபின் ஒன்பதாவது டெக்கில், ஸ்டேஷன் ஆறாவது டெக்கில். நாற்காலியோடு லிஃப்டில் இறக்கினேன், பீப் வந்தது, மறுபடி லிஃப்டில் ஏற்றினேன். அந்த லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது, ஆபத்து நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்று. அம்மாதான் அதைப் படித்துக் காட்டினார். "அப்போ நாம இப்ப செஞ்சது என்ன?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஸ்டேஷனில் நின்ற பெண்ணிடம் திரும்பிப் போய்க் கேட்டேன். யாராவது வருவார்கள் மேடம் என்றாள். யார்? குழுவினர். எந்தக் குழுவினர், எங்கள் கேபினுக்கென்று ஒதுக்கிய ஆள் உண்டா? கெஸ்ட் சர்வீஸில் கேளுங்கள். அங்கே அரை மணி நேர வரிசை. கடைசியில் கவுண்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, உங்கள் அம்மாவின் பெயர் பட்டியலில் இருக்கிறது, ஆனால் கப்பலில் ஏறுவதற்கு உதவி என்று மட்டும்தான் இருக்கிறது என்றான். மூன்று மாதத்துக்கு முன்னாலேயே ஏஜென்டிடம் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தேன். சரி செய்கிறோம் என்றான்.

இரண்டாம் இரவு இரண்டு மணி இருக்கும். ஸ்பீக்கரில் பிராவோ பிராவோ என்று ஏதோ அறிவிப்பு, பிறகு அமைதி. வெளியே எட்டிப் பார்த்தேன், மெல்லிசாகக் கருகல் வாசனை, எங்கள் பக்கத்து லிஃப்ட் ஓடவில்லை. பயணிகளுக்கான அலாரம் அடிக்கவில்லை, அதனால் யாரும் வரவில்லை, அது நியாயம்தான் என்று இப்போது புரிகிறது. அப்போது புரியவில்லை. இருபது நிமிடம் கழித்து, துணி உலர்த்தும் அறையில் சின்னக் கோளாறு, முடிந்துவிட்டது, தூங்குங்கள் என்றார்கள். அம்மா அதுவரை செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். விடியும் வரை செருப்பைக் கழற்றவில்லை.

மார்ச்சில் மறுபடி போக வேண்டும் என்கிறார், கேட்டால் கடல் பிடித்துவிட்டதாம். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். லிஃப்ட் நின்றால், அம்மாவை ஒன்பதிலிருந்து ஆறுக்கு யார் இறக்குவார்கள்?

பேரன்_சாட்ஸ்வர்த்:

அக்கா, பஸ்ஸில் ஏறும்போது டிரில் கேட்கிறோமா? 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாக இங்கே தென்னாப்பிரிக்காவில் வந்து இறங்கியபோது எந்த டிவியில் வீடியோ போட்டார்கள்? இவ்வளவு யோசித்தால் வீட்டு வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

ஒற்றைக்கால்_ராஜா:

தம்பி, பஸ் நின்றால் ரோட்டில் இறங்கிக்கொள்ளலாம். கடலில் எங்கே இறங்குவாய்?

லைஃப்போட்_7:

நான் தூத்துக்குடிக்காரன், இங்கே பெண் எடுத்து டர்பனில் தங்கிவிட்டேன். பதினோரு வருடம் பயணிகள் கப்பலில் வேலை, ஆரம்பத்தில் சமையலறை, பிறகு ஹவுஸ்கீப்பிங். உங்கள் கப்பல் கம்பெனியில் இல்லை. ஆனால் அவசர வேலை ஒதுக்கீட்டில் கடைசி நாலு வருடம் நான் இருந்தது நடக்க முடியாதவர்களை இறக்கும் குழுவில்தான், அதனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் அந்தப் பெயர் விஷயம். ஏறுவதற்குச் சக்கர நாற்காலி உதவி என்பது ஒரு பட்டியல், துறைமுகத்தில் நாற்காலி தள்ளுகிறவர்களுக்குப் போகும். ஆபத்து நேரத்தில் உதவி தேவை என்பது வேறு பட்டியல். சோலாஸ் என்ற கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் இது எழுத்திலேயே இருக்கிறது, தனக்கு அவசர உதவி வேண்டும் என்று சொன்ன பயணிகளின் விவரத்தைக் குறித்துக்கொண்டு, கப்பல் புறப்படுவதற்கு முன் கேப்டனிடம் சேர்க்க வேண்டும். கவனியுங்கள், "சொன்ன" பயணி. நாற்காலியில் வந்ததைப் பார்த்து யாரும் தானாக எழுதிக்கொள்ள மாட்டார்கள். நூறு நாற்காலி ஏறும், அதில் பாதிப் பேர் சாயங்காலம் டான்ஸ் ஆடிக்கொண்டிருப்பார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் தவறான கட்டத்தில் டிக் போட்டால் நீங்கள் முதல் பட்டியலோடு நின்றுவிடுவீர்கள். உங்களுக்கு நடந்தது அதுதான்.

பிராவோ என்பது பல கம்பெனிகளில் தீ. அந்த அறிவிப்பு தீயணைக்கும் குழுவுக்கு, பயணிகளுக்கு அல்ல. அந்த நேரம் எங்கள் குழு என்ன செய்யும் தெரியுமா, ஆயத்தமாக நிற்கும், அல்லது நிற்கச் சொல்லும்வரை தூங்கும். ஏழு குட்டை ஒரு நீளம் அடித்த பிறகுதான் பட்டியலை எடுத்துக்கொண்டு கேபின் கேபினாகப் போவோம்.

இறக்குவது எப்படி என்றால், படியில் வழுக்கி இறங்கும் நாற்காலி ஒன்று உண்டு, பின்பக்கம் பெல்ட் மாதிரிப் பட்டை, ஒருவர் மேலே பிடிப்பார், ஒருவர் கீழே. இறங்குவதற்கு அது அருமையான சாமான். ஏறுவதற்கு அது உதவாது, நாலு பேர் தூக்க வேண்டும். அதனால் உங்கள் கேபின் ஸ்டேஷனுக்கு மேலே இருப்பது நல்லது, கீழே இருந்தால்தான் கஷ்டம். இதை எந்த ஏஜென்டும் சொல்ல மாட்டான். நாலாவது டெக்கில் மலிவாகக் கிடைக்கிறது என்று வயதானவர்களைப் போடுவான்.

மெரிபேங்க்_மகள்:

அண்ணா, ரொம்ப நன்றி. அப்படியானால் டிரிலிலேயே அந்த நாற்காலியில் உட்கார வைத்து ஒரு முறை இறக்கிக் காட்டினால் என்ன? அதுதானே டிரில்?

லைஃப்போட்_7:

செய்ய மாட்டார்கள். பயணியை வைத்துப் படியில் இறக்கி அவர் இடுப்பு எலும்பு உடைந்தால் யார் பொறுப்பு என்பது ஒன்று. இன்னொன்று, பாதிப் பேருக்கு அது பிடிக்காது, ஊர் பார்க்க மூட்டை போலத் தூக்குகிறார்கள் என்று அழுதவர்கள் உண்டு. நாங்கள் எங்களுக்குள் பழகுவோம். பயணிகள் கப்பலில் குழுவினருக்கு வாரம் ஒரு முறை தீ டிரிலும் கப்பலைக் கைவிடும் டிரிலும் கட்டாயம். அதில் கூட வேலை செய்யும் பையனை நாற்காலியில் கட்டி இறக்குவோம். அவன் இருபத்தைந்து வயது, அறுபது கிலோ, சிரித்துக்கொண்டே வருவான். நிஜத்தில் வருகிறவர் தொண்ணூறு கிலோ, பயத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டார். அந்த வித்தியாசம் எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லை.

ஆனால் கேட்டால் நாற்காலியைக் காட்டுவார்கள். எங்கே மாட்டியிருக்கிறது, எந்தப் படிக்கட்டு, எல்லாம். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒற்றைக்கால்_ராஜா:

சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே போனவன் நான், ஆறு முறை கப்பல் ஏறியிருக்கிறேன். இந்தப் புது டிரிலைத் திட்டுகிறவர்கள் பழையதை அனுபவித்ததில்லை என்று நினைக்கிறேன். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில், திறந்த டெக்கில், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். செயற்கைக் காலுக்குள் மிச்சக்கால் வீங்கி, அன்று ராத்திரி முழுக்கக் காலை மாட்டவே முடியவில்லை. பாதுகாப்பு டிரில் என்று சொல்லி, பயணத்தின் முதல் நாளே என்னை நடக்க முடியாதவனாக ஆக்கினார்கள். வீடியோ, பீப், எனக்கு அது போதும்.

ஆனால் இரவில் கால் கழற்றி வைத்திருப்பேன் என்பது அந்த வீடியோவுக்குத் தெரியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். நான் செய்வது இதுதான். காலையும் மாத்திரைப் பையையும் இன்சுலினையும் கட்டிலுக்கு வலப்பக்கம் ஒரே இடத்தில் வைப்பேன், விளக்கு இல்லாமலே கை போகும் தூரத்தில். கேபினில் லைஃப் ஜாக்கெட் இருந்தால் அலமாரியின் உச்சியில் இருக்கும், அதை முதல் நாளே இறக்கிக் கீழே வைக்கச் சொல்வேன். ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதைத் தாழ்வாரத்தில் நிறுத்தாதீர்கள். புகையில் நாலு பேர் தவழ்ந்து வரும் வழி அது. கேபினுக்குள் போகாத அளவு பெரிய ஸ்கூட்டர் என்றால் அகலக் கதவு கேபின் எடுங்கள், கிடைக்காவிட்டால் சின்ன ஸ்கூட்டர் வாடகைக்கு எடுங்கள். என்ன விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, லைஃப்போட்டில் ஸ்கூட்டர் ஏறாது. சில கப்பலில் மடக்கு நாற்காலியைக்கூட விட்டுவிட்டு வா என்பார்கள்.

லிஃப்ட் நின்றால் என்ன ஆகும் என்று லோட்ஷெடிங் பார்த்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் ஃப்ளாட் நாலாவது மாடி. கரண்ட் வரும்வரை கீழே கடைக்காரரோடு உட்கார்ந்து, ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய பன்னி சௌ தின்றுதான் என் சர்க்கரை ஏறியது என்று மனைவி இன்றும் சொல்கிறாள்.

ஓய்வு_டீச்சர்:

பிள்ளைகளே, ஓஷியானோஸ் பற்றி யாரும் பேசவில்லையே. உங்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்க மாட்டீர்கள். 1991 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்குக் கிளம்பிய கிரேக்கக் கப்பல், டிரான்ஸ்கை கரைக்கு அப்பால், காபி பே பக்கம் மூழ்கியது. எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி ஆறிப்போய்க் கிடந்தது, எல்லோரும் வானொலியைச் சுற்றி நின்றோம். எஞ்சின் அறையில் தண்ணீர் புகுந்து மின்சாரம் போய்விட்டது. கப்பல் சாய்ந்ததால் எல்லா லைஃப்போட்டையும் இறக்க முடியவில்லை. மாலுமிகள் பலர் பயணிகளுக்கு முன்னால் போய்விட்டார்கள். கேப்டனே கடைசிப் பயணி இறங்குமுன் ஹெலிகாப்டரில் ஏறிவிட்டார். பயணிகளை ஒழுங்குபடுத்தி, உதவி கேட்டு ரேடியோவில் கூப்பிட்டது, பாட்டுப் பாட வந்த கலைஞர்கள். மிஞ்சியவர்களை 16 ஹெலிகாப்டர்கள் ஒவ்வொருவராகப் பட்டை மாட்டித் தூக்கின. 571 பேரும் உயிரோடு வந்தார்கள். கடவுள் செயல் என்று சொல்வேன், ஆனால் விமானப்படைப் பையன்களின் செயலும்கூட.

நான் ஏன் சொல்கிறேன் என்றால், பட்டியலும் ஆளும் நாற்காலியும் எல்லாம் சரி, அந்த ஆள் அங்கே இருக்க வேண்டுமே.

லைஃப்போட்_7:

டீச்சர், மறுக்கவில்லை. எங்கள் பயிற்சியில் அந்தப் பெயரைச் சொன்னாலே வகுப்பு தலை குனியும்.

பேரன்_சாட்ஸ்வர்த்:

சரி சரி, இது எனக்குத் தெரியாது. நம் கரையிலேயேவா? கூகுளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போர்ட்லூயி_வேலு:

மொரீஷியஸிலிருந்து வணக்கம். ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன். இங்கே வரும் சில பயணங்களில் போர்ட் லூயியிலும் ஆள் ஏறும், பக்கத்து ரீயூனியன் தீவிலும் ஏறும், அதாவது பாதிக் கப்பல் ஏற்கெனவே டிரில் முடித்து நீச்சல் குளத்தில் கிடக்கும்போது நீங்கள் புதிதாக ஏறுவீர்கள். கோஸ்டா கான்கார்டியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பல் விபத்தில், 2012 ஜனவரி 13, அன்று சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் ஏறியவர்களுக்கு டிரில் நடக்கவே இல்லை. அந்தக் கால விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும், அதனால் அது விதிமீறல்கூட இல்லை. ஏறிய இரவே கப்பல் பாறையில் மோதியது. 32 பேர் போனார்கள். அதற்கு அப்புறம்தான், 2015 முதல், புறப்படுவதற்கு முன் அல்லது புறப்பட்ட உடனே என்று விதி மாறியது.

என் அப்பாவோடு போனபோது ரீயூனியன் பக்கத்தில் ஏறிய ஒரு பாட்டியம்மாவுக்கு வீடியோ மொழி புரியவில்லை. அவருக்கும் பீப் வந்தது.

மெரிபேங்க்_மகள்:

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது.

லைஃப்போட் அண்ணா, இன்னொன்று. முப்பது நிமிடத்தில் கப்பலைக் காலி செய்ய முடியும் என்று வீடியோவில் எங்கோ வந்தது போல ஞாபகம். ஒன்பதாவது மாடியிலிருந்து அம்மாவை முப்பது நிமிடத்திலா?

லைஃப்போட்_7:

அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முப்பது நிமிடம் என்பது எல்லோரும் கூடி, ஜாக்கெட் மாட்டி முடித்து, கைவிடுங்கள் என்ற உத்தரவு வந்த பிறகு ஓட ஆரம்பிக்கும் கடிகாரம். கேபினிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் நேரம் அதில் இல்லை. பெரிய கப்பல்களுக்கு, விழித்து எழுவது முதல் படகு தண்ணீரைத் தொடுவது வரை மொத்தம் 80 நிமிடம் என்று வடிவமைப்பில் கணக்குப் போடுகிறார்கள், மெதுவாக நடப்பவர்களையும் சேர்த்துத்தான். ஆனால் கணக்கு கணக்குதான். கப்பல் சாய்ந்தால் படிக்கட்டு படிக்கட்டாக இருக்காது. 1994இல் எஸ்தோனியா என்ற கப்பல் பால்டிக் கடலில் நடு இரவில் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் போனது, 852 பேர். தப்பியவர்களில் பெரும்பாலோர் இளவட்ட ஆண்கள். சாய்ந்த படியில் ஏற முடிந்தவன் பிழைத்தான், அவ்வளவுதான் நடந்தது.

அதனால் நான் அம்மாக்களிடம் சொல்வது, அலாரத்துக்குக் காத்திருக்காதீர்கள் என்பதுதான். உங்கள் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்றீர்களே, சரியான வேலை. நான் குழுவில் இருந்த நாலு வருடத்தில் கதவைத் தட்டியதும் செருப்போடு தயாராக இருந்த பயணியை ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை. சந்தேகமாக ஏதாவது நடந்தால் போனை எடுத்துச் சொல்லுங்கள்: கேபின் எண், நடக்க முடியாது, ஆள் வேண்டும். தொந்தரவு என்று நினைக்காதீர்கள்.

ஓய்வு_டீச்சர்:

புகார் எங்கே கொடுப்பது? நம் கடல்சார் பாதுகாப்பு ஆணையம் கேட்குமா?

லைஃப்போட்_7:

கப்பல் டர்பனில் நின்றாலும் கொடி பனாமா, மால்டா என்று ஏதாவது இருக்கும், சட்டப்படி முதல் பொறுப்பு அந்தக் கொடி நாட்டுக்கு. ஆனால் நம் துறைமுகத்தில் நிற்கும் வெளிநாட்டுக் கப்பலை ஏறிச் சோதிக்க நம் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. எழுதுங்கள், தவறில்லை. அதற்கு முன் கம்பெனிக்கு எழுத்தில் போடுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொல்வது காற்றில் போய்விடும்.

ஒற்றைக்கால்_ராஜா:

தங்கச்சி, அந்தத் தீவில் இறங்கினீர்களா? நான் போன மூன்று முறையும் அலை அதிகம் என்று என்னைச் சின்னப் படகில் ஏற்றவில்லை. லைஃப்போட்டில் மட்டும் ஏற்றுவார்களாம்.

மெரிபேங்க்_மகள்:

இல்லை அண்ணா. அம்மா டெக்கிலிருந்தே தீவைப் பார்த்துவிட்டு, பீச் என்றால் எல்லாம் பீச்தான் என்று சொல்லிவிட்டார்.

மெரிபேங்க்_மகள்:

இழையை மேலே தூக்குகிறேன், மார்ச் பயணம் முடிந்தது, சொன்னால்தானே மரியாதை.

இந்த முறை ஏஜென்டை நம்பாமல் கம்பெனிக்கு நானே மின்னஞ்சல் போட்டேன், "ஏறுவதற்கு உதவி" என்றும் "அவசர நேரத்தில் உதவி" என்றும் இரண்டு தனி வரியாக. முதல் பதிலில் ஏறுவதற்கு மட்டும் உறுதி செய்திருந்தார்கள். மறுபடி எழுதினேன். மூன்றாவது கடிதத்தில் இரண்டும் வந்தது, அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். கேபினை எட்டாவது டெக்கில், படிக்கட்டுக்குப் பக்கத்தில் மாற்றினேன். சத்தம் அதிகம், கதவு திறந்து மூடும் ஒலி ராத்திரி முழுக்க. போகட்டும்.

ஏறியதும் நேராகக் கவுண்டர். நாற்காலியைக் காட்டுங்கள் என்றேன். முதலில் விழித்தார்கள், பிறகு ஒரு அதிகாரி வந்தார், கூடவே கோவாக்காரப் பையன் ஒருவன், எங்கள் பகுதிக்கு ஒதுக்கிய குழுவில் அவனும் ஒருவனாம். லைஃப்போட் அண்ணா சொன்ன மாதிரியே படியில் இறக்கிக் காட்ட மறுத்துவிட்டார்கள். ஆனால் சமதளத்தில் விரித்து, அம்மாவை உட்கார வைத்து, பட்டையைக் கட்டிக் காட்டினான். கைப்பிடியைப் பிடிக்காதீர்கள், கையை மார்பில் கட்டிக்கொள்ளுங்கள் என்று மூன்று முறை சொன்னான். அம்மா மூன்று முறையும் பிடித்தார். நாலாவது முறை கட்டிக்கொண்டார்.

அப்புறம் எட்டிலிருந்து ஆறுக்கு எத்தனை படி என்று அம்மா அவனிடம் கேட்டார். எண்ணியதில்லை என்றான். அவர் விடவில்லை. நானும் அவனும் இறங்கி எண்ணினோம், அம்மா மேலே நின்றுகொண்டு தமிழில் எண்ணிக்கொண்டு வந்தார். எங்களுக்கு முப்பத்தாறு வந்தது, அம்மாவுக்கு முப்பத்தைந்து. மறுபடி எண்ணச் சொன்னார்.